மூன்று வருடம், ஒரு ஜோடி இறக்கை: எந்தக் கருவி உழைத்தது

கேரேஜில் கட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இருக்கை விமானத்துக்கு இறக்கைகள் இரண்டையும் முடிக்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது. வார நாளில் வேலை, சனி ஞாயிறில் இது. முழு அலுமினிய கிட். இறக்கையின் முதுகெலும்பான நீண்ட உத்தரம், அதாவது ஸ்பார், ஆலையிலேயே கட்டி வந்துவிட்டது. இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களான விலாக்களிலும் மேல்தகடுகளிலும் துளைகள் ஏற்கனவே போடப்பட்டிருந்தன. சரி, ரிவெட் அடித்தால் முடிந்தது என்று நினைத்துத்தான் இறங்கினேன்.

ரிவெட் அடித்த நேரம் சொற்பம். நேரத்தை விழுங்கியது துளைகள்தான். கிளீகோ என்ற தற்காலிகப் பிடிப்பான்களைத் துளைகளில் போட்டுத் தகட்டைப் பிணைத்து, இறுதி அளவுக்கு டிரில் விட்டு, எல்லாவற்றையும் கழற்றி, துளை விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை இரண்டு பக்கமும் எடுத்து, ரிவெட்டின் தலை உட்காரக் குழி அழுத்தி, பிரைமர் அடித்து, மறுபடி கோர்க்க வேண்டும். பிசிறை விட்டுவிட்டால் தகடுகள் ஒட்டி உட்காராது, பின்னாளில் விரிசல் தொடங்குவதும் அங்கேதான். அதனால் முதலில் மலிவான பிசிறு எடுக்கும் கருவி வாங்கியது என் தவறு. ஒரே மாதத்தில் முனை மழுங்கி, துளையைச் சுரண்ட ஆரம்பித்தது.

கிளீகோவில் வெள்ளி நிறம் 3/32 அங்குலத் துளைக்கு, செம்பு நிறம் 1/8க்கு. 500 வாங்கினேன், போதவில்லை. மூன்று வருடத்தில் பழுதானவை ஏழெட்டுதான்.

பணம் கொடுத்ததற்கு வருத்தமே இல்லாத பொருள் டங்ஸ்டன் பக்கிங் பார். ரிவெட்டின் வாலுக்கு அடியில் பிடிக்கும் கனமான கட்டி அது. எஃகைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அடர்த்தி, அதனால் உள்ளங்கைக்குள் அடங்கும், விலாக்களின் இடுக்கிலும் நுழையும். எஃகுக் கட்டியை வைத்து முதல் தகட்டை அடித்தபோது தம்பிக்கு மணிக்கட்டே வீங்கிவிட்டது. அவன் உள்ளே கையை விட்டுப் பிடிப்பான், நான் வெளியே ரிவெட்டின் தலையை அடிக்கும் காற்றுச் சுத்தியலான கன்னைப் பிடிப்பேன். "வச்சிட்டேண்ணா" என்று அவன் சொன்ன பிறகே விசையைத் தொட வேண்டும். ஒருமுறை அவசரப்பட்டேன். கன் வழுக்கி, மேல்தகட்டில் பிறை வடிவத்தில் ஒரு பள்ளம். இன்றும் வலது இறக்கையில் இருக்கிறது.

3/32 ரிவெட் சரியாக நசுங்கினால் வால் சுமார் 3.6 மி.மீ. அகலமும் 1.2 மி.மீ. உயரமும் இருக்கும். இதற்கான சின்ன அளவுகோல் சட்டைப் பையிலேயே கிடந்தது. தவறியதைத் தலையில் துளைத்து எடுக்கலாம், ஆனால் கை கொஞ்சம் நடுங்கினாலும் துளை பெரிதாகிவிடும். லேசாகச் சாய்ந்த ரிவெட்டை அப்படியே விடுவதே மேல் என்று இரண்டாம் வருடம்தான் புத்தி வந்தது.

எரிபொருள் டேங்கும் இறக்கையின் முன்பகுதிதான். அதற்கான சீலன்ட், எடைப்படி பத்துக்கு ஒன்று கலக்கும் கரிய பசை. கந்தக நாற்றம், கையுறைக்கு மேல் கையுறை, பழைய சட்டையை அப்படியே குப்பையில் போடு. கண்ணளவில் கலந்த முதல் குவளை இரண்டு நாளாகியும் இறுகவில்லை. அப்புறம்தான் டிஜிட்டல் தராசு வாங்கினேன். எல்லாரும் முதலில் வாங்க வேண்டியது அது.

கசிவு பார்க்க, டேங்கின் துவாரங்களை அடைத்து, ஒன்றில் மட்டும் பலூன் மாட்டி, லேசாகக் காற்று விட வேண்டும். பலூனே பாதுகாப்பு வால்வும்கூட. அழுத்தம் ஏறினால் தகடு உப்பிவிடும். மாலையில் பலூன் சுருங்கியதும் பதறிப்போய் ரிவெட் ரிவெட்டாகச் சோப்பு நீர் தடவினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. மறுநாள் மதியம் வெயில் ஏறியதும் பலூன் தானாகவே பழையபடி உப்பி நின்றது. இடது டேங்கில் மட்டும் எரிபொருள் அளவுமானியின் விளிம்பில் நிஜமாகவே கசிந்தது. மூடியைக் கழற்றி, பழைய பசையை மரச்சீவலால் சுரண்டி, மறுபடி பூசினேன்.