நாள் கூலியா, சதுர அடி ஒப்பந்தமா: சாரத்திலிருந்து விழுந்தால் இழப்பீடு யாருக்கு?

பாளையங்கோட்டையில் ஒரே சாரத்தில் நின்று சுவர் பூசும் இரு கொத்தனார்களில், சனிக்கிழமைதோறும் சிட்டையில் (கூலிப் பதிவேட்டில்) பேர் பார்த்துக் கூலி வாங்குபவர் தொழிலாளி. சதுர அடிக்கு விலை பேசி, கரணை, பலகை, கையாள் எல்லாவற்றையும் தாமே கொண்டுவருபவர் ஒப்பந்தக்காரர்.

முன்னவர் வேலையின்போது விழுந்து இறந்தால், முதலாளியின் தவறை நிரூபிக்காமலேயே, மாதக் கூலியின் 50 விழுக்காட்டை வயதுக்கேற்பச் சட்டம் குறித்துள்ள எண்ணால் பெருக்கி வரும் தொகையைக் குடும்பம் கோரலாம். முழு நிரந்தர ஊனத்துக்கு 60 விழுக்காடு. 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்த இக்கணக்கு 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. பின்னவருக்கு இந்த உரிமை இல்லை. அவருடைய கையாள் விழுந்தாலோ, இழப்பீடு தரவேண்டியவரே அவர்தான். (அந்த ஒப்பந்தக்காரரை அமர்த்தியது கட்டுமான நிறுவனமாக இருந்தால், கையாள் அந்நிறுவனத்திடமே கேட்கலாம்.)

ஆயினும் ஒப்பந்தம் என்ற பெயர் மட்டும் எதையும் முடிவு செய்வதில்லை. குஜராத்தின் தாரங்கதாரா நிறுவனத்து உப்பளத் தகராறில், விளைந்த உப்பின் அளவுக்கேற்பக் கூலி பெற்று, துணைக்கு ஆளும் வைத்துக்கொண்டவர்களை உச்ச நீதிமன்றம் 1956-இல் தொழிலாளர் என்றே ஏற்றது. வேலை நடக்கும் முறையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் நிறுவனத்திடம் இருந்ததே காரணம். தூத்துக்குடி உப்பளங்களை அறிந்த நமக்கு அது அயல் கதையன்று. என் கணிப்பில், ஒப்பந்தத்தில் கையில் நிற்கும் காசு கூடுதலாகத் தெரிந்தாலும், மூன்றாம் மாடிச் சாரத்துக்குச் சிட்டைப் பேரே மேல். சொந்தமாக விபத்துக் காப்பீடு எடுத்தவருக்கு மட்டும் கணக்கு மாறும்.