சானியாவுக்குப் பொருந்திய ஜோடி: காரா பிளாக்கா, ஹிங்கிஸா?

சானியா மிர்சாவின் இரட்டையர் டென்னிஸ் ஆட்டம் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் சுவிட்சர்லாந்தின் மார்ட்டினா ஹிங்கிஸில் போய் நிற்கிறார்கள். தொடர்ந்து 41 வெற்றி, மூன்று கிராண்ட்ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரும் போட்டிகள்) பட்டம், நிற்பது நியாயம்தான். ஆனால் அதற்கு முன் காரா பிளாக்குடன் ஆடிய ஓராண்டைச் சேர்க்காத கணக்கு அரைகுறைக் கணக்கு.

2007இல் ஒற்றையர் தரவரிசையில் 27ஆம் இடம் வரை ஏறியவர் சானியா. முழங்காலும் மணிக்கட்டும் அறுவைச் சிகிச்சைக்குப் போன பிறகு ஒற்றையரை விட்டுவிட்டார். அதன் பின் எல்லாமே பார்ட்னரைப் பொறுத்தது.

2013 இறுதியில் ஜிம்பாப்வேயின் காரா பிளாக்கோடு சேர்ந்தார். சேர்ந்த சூட்டோடு டோக்கியோ, பெய்ஜிங் இரண்டிலும் பட்டம். பிளாக் உயரம் குறைந்தவர்; வலையோரம் நின்றால் கண் இமைக்கும் நேரத்தில் மட்டை பந்தின் முன் இருக்கும். பின்கோட்டிலிருந்து சானியா ஃபோர்ஹேண்டை விளாச, எதிராளி எப்படியோ தூக்கிப் போடும் பந்தை பிளாக் முடித்துவைப்பார். வேலைப் பிரிவினை அவ்வளவு தெளிவு. 2014இல் சிங்கப்பூரில் நடந்த ஆண்டிறுதிப் போட்டியில் ஷே சு-வெய், பெங் ஷுவாய் ஜோடியை 6-1, 6-0 என்று நொறுக்கினார்கள். எதிரே இருந்தது அதே ஆண்டின் பிரெஞ்சு ஓபன் சாம்பியன் ஜோடி! குறை ஒன்றுதான்: கிராண்ட்ஸ்லாம் கிடைக்கவில்லை. அமெரிக்க ஓபன் அரையிறுதியில் ஹிங்கிஸ்–பென்னெட்டா ஜோடியிடம் தோற்றார்கள்.

அந்த ஹிங்கிஸே 2015 மார்ச்சில் சானியா பக்கம் வந்தார். இண்டியன் வெல்ஸ், மயாமி, சார்ல்ஸ்டன் என்று வரிசையாக மூன்று பட்டம். ஏப்ரலில் சானியா உலகின் நம்பர் 1. இந்தியப் பெண்களில் முதல் ஆள்.

பிளாக்கிடம் கை வேகம். ஹிங்கிஸிடம் எதிராளியின் ஆட்டத்தை முன்கூட்டியே கணிக்கும் மூளை. சானியாவுக்கு ஃபோர்ஹேண்ட், ஹிங்கிஸுக்கு பேக்ஹேண்ட் என்று இரண்டு பக்கமும் அடைபட்டதால், எதிராளிக்குப் பலவீனமான பக்கம் என்று ஒன்று அகப்படவில்லை. 2015 விம்பிள்டன் இறுதியில் மகாரோவா–வெஸ்னினா ஜோடிக்கு எதிராக முதல் செட் போய், மூன்றாவதில் 2-5 என்று பின்தங்கினார்கள். 5-5 வந்ததும் வெளிச்சம் குறைந்து மைதானத்தின் கூரையை மூடினார்கள். திரும்பி வந்து 7-5 என்று வென்றார்கள். பிளாக் ஜோடிக்கு இல்லாதது இந்தத் தாங்கும் சக்திதான் என்பது என் கருத்து. பின்னர் அமெரிக்க ஓபன், 2016 ஆஸ்திரேலிய ஓபன் பட்டங்களும் வந்தன.

அந்த 41 தொடர் வெற்றியை வெறும் எண்ணாகப் பார்க்கக் கூடாது. கிராண்ட்ஸ்லாம் தவிர்த்த டூர் போட்டிகளில் டியூஸ் (40-40 சமநிலை) வந்தால் ஒரே பாயிண்ட்டில் கேம் முடிந்துவிடும். மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்து பாயிண்ட் டைபிரேக், அதாவது வெற்றியை முடிவுசெய்யும் குறுகிய ஆட்டம். நல்ல ஜோடியும் சட்டென்று சறுக்கும் விதிமுறை இது. அதிலும் ஆகஸ்டிலிருந்து அடுத்த பிப்ரவரி வரை தோற்காமல் இருந்தார்கள்.

பிறகு சரிவு. 2016 பிரெஞ்சு ஓபனில் மூன்றாம் சுற்று, விம்பிள்டனில் காலிறுதி. ஆகஸ்டில் பிரிந்தார்கள். அடுத்த சில நாட்களிலேயே சின்சினாட்டி இறுதியில் எதிரெதிரே நின்றார்கள். பார்போரா ஸ்ட்ரிட்சோவாவோடு ஆடிய சானியா, கோகோ வாண்டவேயோடு ஆடிய ஹிங்கிஸை 7-5, 6-4 என்று வென்றார். இருவரும் பகிர்ந்திருந்த நம்பர் 1 இடமும் சானியாவுக்கு மட்டும் ஆனது.

எந்த ஜோடி உயர்ந்தது என்றால் சந்தேகமில்லாமல் ஹிங்கிஸ் ஜோடி. சானியா இயல்பாக ஆடியது எப்போது என்றால், பிளாக்கோடு என்பேன். ஒற்றையர் ஆட்டக்காரராக வளர்ந்தவரைத் தேர்ந்த இரட்டையர் ஆட்டக்காரராக்கியது அந்த ஆண்டுதான்.

பிரிந்ததில் லாபம் யாருக்கு? சின்சினாட்டியோடு நிறுத்தினால் சானியாவுக்கு. ஆனால் அதன் பின் பெண்கள் இரட்டையரில் அவருக்கு கிராண்ட்ஸ்லாம் வாய்க்கவில்லை. 2017 அமெரிக்க ஓபன் அரையிறுதியில் பெங் ஷுவாயோடு ஆடிய சானியாவைத் தோற்கடித்தது ஹிங்கிஸ்–சான் யுங்-ஜான் ஜோடி. பட்டத்தையும் அவர்களே கொண்டுபோனார்கள்.