ஈஜிஆருக்குத் தகடு போட்டு மூன்றரை வருஷம் ஓட்டிய கதை

போன வாரம் மச்சானிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். "மாமா, என் வண்டிக்கும் புகையைத் திருப்பி விடுற அந்த ஈஜிஆர் வால்வை அடைச்சிடலாம்னு மெக்கானிக் சொல்றாரு. தகடு, கூலி எல்லாம் சேர்த்து எண்ணூறு ரூபாதானாம். பிக்அப் பிச்சுக்குமாம். நீங்க அடைச்சு ஓட்டினீங்கல்ல, எப்படி இருந்துச்சு?"

சூப்பரா இருந்துச்சு மச்சான். நீ அடைக்காதே. இது என்ன பதில் என்று திருப்பிக் கேட்பான், அதனால் உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

வண்டி 2011 மாடல் டீசல் ஹேட்ச்பேக், இன்றைக்கு 1,84,000 கிலோமீட்டர். பிஎஸ்4 என்கிற புகை விதி நாடு முழுக்க வந்தது 2017-ல். சென்னை உள்பட 13 நகரங்களுக்கு 2010 ஏப்ரலிலேயே வந்துவிட்டது, அதனால் என்னுடையது பிஎஸ்4. கம்பெனி பேர் வேண்டாம். எந்தப் பழைய டீசலைத் திறந்தாலும் உள்ளே இதே கூத்துதான்.

ஏசி, கிளட்ச், சஸ்பென்ஷன் எதிலும் சொல்லும்படி குறையில்லை. ஒரே ஒரு வியாதி. ஸ்பீடு பிரேக்கர் தாண்டி செகண்ட் கியரில் மிதித்தால் வண்டி ஒரு நொடி யோசிக்கும். ஒரே ஒரு நொடிதான். அதற்குள் பின்னால் வரும் ஆட்டோக்காரர் என் பரம்பரையையே விசாரித்துவிடுவார்.

ஈஜிஆர் என்பது சைலன்சருக்குப் போகிற புகையில் ஒரு பங்கை மறுபடியும் எஞ்சினுக்குள்ளேயே திருப்பி விடுகிற வால்வு. அப்படி விட்டால் உள்ளே எரியும் சூடு குறையும், சூடு குறைந்தால் நைட்ரஜன் ஆக்சைடு என்கிற நச்சு வாயு குறையும். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் புகையில் வரும் கரியும், எஞ்சினின் அடிவயிறான கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவியும், எஞ்சினுக்குக் காற்று போகிற குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் சந்தித்துக் குடித்தனம் போட்டுவிடும். ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தால் வால்வு மூடிக்கொள்ளும். ஊர்ந்து போகும்போதுதான் திறந்து கிடக்கும். நான் தினமும் போவது வளசரவாக்கத்திலிருந்து கோடம்பாக்கம். மெட்ரோவுக்குத் தோண்டுவதற்கு முன்னாலேயே ஆற்காடு ரோடு ஊர்வலம்தான், தோண்டிய பிறகு கேட்கவே வேண்டாம். என் வால்வு மூடியதைவிடத் திறந்திருந்த நேரம்தான் அதிகம்.

2019 ஜூனில், 1,08,000 கிலோமீட்டரில், மெக்கானிக் மேனிஃபோல்டைக் கழற்றி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு விரல் நுழைய வேண்டிய துளையில் சுண்டுவிரல்தான் போனது. பழைய தோசைக்கல்லின் ஓரத்தில் எண்ணெயும் கரியும் சேர்ந்து திட்டுத்திட்டாக உட்காருமே, அதே மாதிரி, ஆனால் ஈரமாக. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார். விரித்திருந்த பேப்பரில் பொத்தென்று ஒரு கட்டி விழுந்து, அதைச் சுற்றி எண்ணெய் வட்டம் பரவியது. தொட்டுப் பார்த்த பாவத்துக்கு மூன்று நாள் என் நகக்கண்ணில் அந்தக் கறுப்பு போகவில்லை.

"சார், இது நம்ம ஊருக்குத் தேவையே இல்ல சார். வெளிநாட்டுக்காரன் குளிருக்காக வெச்சது."

குளிருக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. அது எனக்கும் தெரியும். ஆனால் கையில் கரியோடு நிற்கிறவனிடம் எந்தக் கதையும் செல்லும். புது வால்வுக்கு சர்வீஸ் சென்டரில் 11,000 ரூபாய் சொல்லியிருந்தார்கள். தகடு ஜி.பி. ரோட்டில் 350 ரூபாய்: பாதி விசிட்டிங் கார்டு அளவில் எவர்சில்வர், இரண்டு போல்ட் ஓட்டை, அவ்வளவுதான். மேனிஃபோல்டைச் சுரண்டிக் கழுவி, புகை திரும்பி வரும் வழிக்குக் குறுக்கே தகட்டை வைத்து முடுக்கிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் போரூர் மேம்பாலத்தில் தேர்டு கியரிலேயே ஏறினேன். செகண்டில் அந்த யோசனை போயே போச்சு. மைலேஜ் பதினைந்தரையிலிருந்து பதினேழுக்குப் பக்கத்தில் வந்தது. வீட்டில் "வண்டி மாத்திட்டீங்களா?" என்று கேட்கிற அளவுக்கு வித்தியாசம். எட்டு வருஷம் கழித்து என் வண்டி எனக்கு மறுபடி பிடித்துப் போனது, அதை மறைக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் செக் என்ஜின் லைட் வந்தது. வால்வைத் திற என்று எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியூ சொல்கிறது, திறந்தால் உள்ளே வரும் புதுக் காற்றின் அளவு குறைய வேண்டும், குறையவில்லை. உடனே ஈஜிஆர் ஓட்டம் போதவில்லை என்பதற்கான பி0401 என்ற எரர் கோடை எழுதிவைத்து மஞ்சள் விளக்கைப் போட்டுவிடும். ஸ்கேனரில் அழித்தால் இரண்டு நாளில் திரும்ப வரும். தகட்டில் சின்ன ஓட்டை போட்டுப் பார்த்தோம், ஒரு மாதம் தாங்கியது. "ஈசியூ சாஃப்ட்வேரை மாத்தி ரீமேப் பண்ணா லைட்டே வராது சார், பன்னிரண்டாயிரம்" என்றார் மெக்கானிக். கடைசியில் இன்சுலேஷன் டேப்பில் பொட்டு அளவுக்கு வெட்டி விளக்கின் மேல் ஒட்டினேன். இரவில் டேப்பின் ஓரத்தில் மஞ்சள் கோடு ஒன்று கசியும். வேறு எதையும் விட அந்தக் கோடுதான் என்னைப் படுத்தியது.

இதில் பெரிய வேடிக்கை எமிஷன் டெஸ்ட். டீசலுக்கு சைலன்சரில் குழாயைச் செருகி, நியூட்ரலில் மிதித்து மிதித்து விட்டு, வருகிற புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். பிஎஸ்4 வண்டிக்கு வரம்பு 1.62. தகட்டுக்கு முன்னால் எனக்கு 1.37, பின்னால் 0.58. "சூப்பரா மெயின்டெய்ன் பண்றீங்க சார்" என்றான் அந்தப் பையன். நைட்ரஜன் ஆக்சைடை அந்த மெஷின் அளப்பதே இல்லை. நான் எதைக் கூட்டியிருந்தேனோ அது கணக்கிலேயே வராது. 2015-ல் ஃபோக்ஸ்வாகன் மாட்டியது நினைவிருக்கும். டெஸ்ட் நடப்பதைக் கண்டுபிடித்து நல்ல பிள்ளையாகிவிடும் சாஃப்ட்வேர். ரோட்டில் அமெரிக்க வரம்பைப் போல் 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடு. அவர்களாவது மெனக்கெட்டுச் சாஃப்ட்வேர் எழுதினார்கள். எனக்கு 350 ரூபாயில் வேலை முடிந்தது, சர்டிஃபிகேட்டும் கிடைத்தது.

2022 டிசம்பரில் திருவண்ணாமலை போகும் வழியில், திண்டிவனத்துக்குக் கொஞ்சம் முன்னால், வண்டி அறுபதுக்கு மேல் போக மறுத்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. ஊர்ந்து போய் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினேன். ஸ்கேனரில் இரண்டு எரர் கோடு: என் பழைய பி0401, பக்கத்தில் புதுசாக பி0299, அதாவது டர்போ தள்ளுகிற காற்றழுத்தம் போதவில்லை. டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் கிழிந்திருந்தது.

"லைட் எரிஞ்சிருக்குமே சார், பாக்கலையா?" என்று கேட்டுக்கொண்டே குனிந்தவர் டேப்பைப் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. தினமும் எரிகிற விளக்கில் இன்றைக்குப் புதுசாக எரிவது எப்படித் தெரியும்? ஹோஸ் எத்தனை நாளாகக் கசிந்ததோ.

ஊருக்கு வந்து அடுத்த மாதமே தகட்டைக் கழற்றச் சொன்னேன். பழைய வால்வையே ஊறவைத்துச் சுத்தம் செய்து மாட்டினார்கள். போச்சு, மறுபடி மாட்டு வண்டிதான் என்று நினைத்துக்கொண்டு சாவியை வாங்கினேன்.

அதே பிக்அப். செகண்டில் அதே சுறுசுறுப்பு. எமிஷன் டெஸ்டில் 0.63. அப்புறம்தான் உறைத்தது: 2019-ல் தகடு போட்ட அன்றைக்கே மேனிஃபோல்டையும் கழுவினாரே! கம்பி பிரஷ் செய்த வேலைக்கு மூன்றரை வருஷம் தகட்டுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். என் வால்வு கரியில் சிக்கிப் பாதி திறந்தே நின்றிருக்கிறது, மிதித்தாலும் மூடவில்லை. யோசனையும் புகையும் அதனால்தான். நல்ல வால்வாக இருந்திருந்தால் முழு மிதியில் அதுவே மூடிக்கொண்டிருக்கும்.

தகட்டுக்குச் சேர வேண்டிய பெருமையையும் கொடுத்துவிடுகிறேன். 41,000 கிலோமீட்டருக்குப் பிறகு திறந்தபோது மேனிஃபோல்டில் லேசான எண்ணெய்ப் படலம் மட்டும்தான், கட்டி இல்லை. தகடு இல்லாமல் அது முடியாது. கழற்றியபின் 1,68,000-ல் ஒரு தடவை கழுவியாயிற்று, 2,200 ரூபாயும் ஒரு சனிக்கிழமையும் போயிற்று. கம்பெனிக்காரர்கள் ஒரு கேஸ்கெட்டை உடைக்காமல் கழுவுகிற மாதிரி அந்தக் குழாயை வைத்திருக்கக் கூடாதா? கை நுழையாத இடத்தில் கொண்டுபோய் ஒளித்து வைத்தவர் யாரோ, அவர் ஆற்காடு ரோட்டில் ஒரு வாரம் வண்டி ஓட்ட வேண்டும்.

மச்சானுக்காகச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாமல் வண்டியில் மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். யாரும் பானெட்டைத் திறந்து பார்ப்பதில்லை என்பது உண்மைதான். மூன்றரை வருஷத்தில் என்னை ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் பிஎஸ்4 டீசலுக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பே கிலோமீட்டருக்கு 0.25 கிராம். வருஷம் 12,000 ஓட்டுகிற எனக்கு அதுவே 3 கிலோ, நியாயமாக ஓட்டினாலே. இதற்கு மேல் எவ்வளவு விட்டேனோ. போகியன்று தெருவில் டயர் எரித்தால் சண்டைக்குப் போகிற ஆள் நான். அந்தப் புகை கண்ணில் படுகிறது, இந்த நைட்ரஜன் ஆக்சைடு வெயிலில் ஓசோனை உண்டாக்கும்போதுகூடக் கண்ணில் படாது.

அடைக்காதே என்று சொன்னது இதனால். சூப்பராக இருந்தது என்று சொன்னதையும் வாபஸ் வாங்க மாட்டேன். அந்த மேம்பாலம் ஏறிய காலை இன்னும் நினைவில் இருக்கிறது.

நேற்று ஆபீஸ் போகும்போது ஸ்பீடு பிரேக்கர் தாண்டி செகண்டில் மிதித்தேன். அதே ஒரு நொடி. கழுவி 16,000 கிலோமீட்டர்தான் ஆகிறது. சாயங்காலம் டிக்கியைத் திறந்து டூல்கிட்டுக்குள் பார்த்தேன். தகடு கொஞ்சம் நிறம் மங்கி, ஓட்டை ஓரத்தில் கரியோடு அங்கேயேதான் கிடந்தது. மூடிவிட்டு மெக்கானிக்குக்கு போன் போட்டேன். சனிக்கிழமை காலையிலேயே விடச் சொல்லியிருக்கிறார்.