கம்ப்ரஷன் இல்ல எண்டு சொல்லி என்ஜின இறக்கச் சொன்னா உடனே தலையாட்டாதீங்க

திருமலையில கார் வச்சிருக்கிற எல்லாரும் இத ஒருக்கா வாசிங்க. கராஜ்ட பேர் போடேல்ல, ஆனா நடந்தத முழுசாச் சொல்றன்.

அத்தான் டொயோட்டா 121 ஒண்டு வச்சு உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹயர் ஓடுறவர். கார் ஸ்லோவில நிக்கேக்க நடுங்குது, ஏத்தத்தில இழுவை இல்ல எண்டு டவுனுக்குள்ள ஒரு கராஜில விட்டம். அங்க இருந்த பாஸ் அடுத்தநாள் காலமை கேஜ் வச்சு கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள பிஸ்டன் காத்தை அமுக்கிற அமுக்கம், பாத்திட்டு நாலு சிலிண்டருக்கும் 90, 95, 90, 95 psi எண்டு சிகரட் பெட்டி மட்டையில எழுதித் தந்து, பிஸ்டனச் சுத்தியிருக்கிற ரிங் எல்லாம் தேஞ்சிட்டு, என்ஜின் இறக்கோணும், மூண்டரை லட்சம் வரும், இப்ப 50,000 வைங்க எண்டார். ஹயர் நிண்டுபோனா வீட்டுச் செலவுக்கு என்ன செய்யிற, அந்தப் பயத்தில அத்தான் குடுத்திட்டார்.

நான் பக்கத்தில நிண்டு பாத்தனான். ராத்திரி முழுக்க நிண்ட கார், என்ஜின் சூடே இல்ல. ஒரு பிளக்க கழட்டி அளந்து, அத திரும்பப் பூட்டிப்போட்டுத்தான் மற்றத கழட்டினார். அக்சிலேட்டர ஒருத்தரும் மிதிக்கேல்ல. பேட்டரியும் இறங்கி ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுத்துது. இப்பிடி அளந்தா நல்ல என்ஜினும் குறைவாத்தான் காட்டும், உள்ளுக்கு காத்தே ஒழுங்காப் போகாட்டி பிஸ்டன் எதை அமுக்கும்?

அதோட நாலு சிலிண்டரும் ஒரே அளவாக் குறைஞ்சா முதல்ல அளந்த விதத்தைத்தான் சந்தேகப்படோணும். ஒண்டு மட்டும் மற்றதவிட 15 வீதத்துக்கு மேல குறைஞ்சா அங்க பிரச்சினை இருக்கு. பக்கத்துப் பக்கத்து ரெண்டு குறைஞ்சா என்ஜின் ஹெட்டுக்குக் கீழ இருக்கிற ஹெட் கஸ்கெட்டப் பாக்கோணும். ரிங் எண்டு சொல்லமுன்னம் பிளக் ஓட்டையால ஒரு தேக்கரண்டி என்ஜின் ஒயில் விட்டு திருப்பி அளக்கோணும், ஏறினா ரிங், ஏறாட்டி வால்வ் இல்லாட்டி கஸ்கெட். அந்த பாஸ் ஒயில் போத்தல தொடவே இல்ல!

அனுராதபுரச் சந்திப் பக்கம் இன்னொருத்தரிட்ட கொண்டுபோனம். என்ஜின சூடாக்கி, நாலு பிளக்கையும் கழட்டி, பிளக்குக்கு கரண்ட் குடுக்கிற கொயிலையும் பெற்றோல் பம்பையும் கட் பண்ணி, நல்ல பேட்டரி குடுத்து, என்னை அக்சிலேட்டர கடைசிமட்டும் மிதிச்சுப் பிடிக்கச் சொல்லிட்டு அளந்தார். 170, 165, 170, 165. பிறகு மூண்டாவது சிலிண்டர்ட கொயில ரெண்டாவதுக்கு மாத்திப் போட்டார், மிஸ்ஸிங்கும் (சிலிண்டர் ஒழுங்கா எரியாம விடுறது) ரெண்டாவதுக்குப் போயிட்டு. பழுது கொயில்தான். அத மாத்தினதோட நடுக்கம் நிண்டு, கார் இப்ப ஹயர் ஓடுது.

50,000 இன்னும் வரேல்ல. பாட்ஸ் ஓடர் பண்ணியாச்சு எண்டுறார், பில்லக் காட்டுங்க எண்டா ஃபோனை வச்சிடுறார்.