எஃப்ஐவியா, லுக்கீமியாவா: எந்த வைரஸுக்குப் பயப்பட வேண்டும்?

ரத்தப் பரிசோதனைக் கிட்டில் புள்ளி தெரிந்ததும், “பூனை பிழைக்குமா டாக்டர்?” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எந்த வைரஸுக்கான புள்ளி என்பதல்லவா முதலில் தெரிய வேண்டும்!

எஃப்ஐவி (பூனைகளின் எதிர்ப்புச் சக்திக் குறைபாட்டு வைரஸ்), பூனை லுக்கீமியா வைரஸ் இரண்டுமே நோய் எதிர்ப்புச் சக்தியைக் குலைப்பவை. இரண்டுமே மனிதருக்குத் தொற்றாது. ஒற்றுமை அதோடு சரி.

1986-இல் கலிஃபோர்னியாவில் கண்டறியப்பட்ட எஃப்ஐவி, பெரும்பாலும் ஆழமான கடியில் பரவுகிறது. ராத்திரி மதில்மேல் சண்டை போடும் கடுவன்களுக்குத்தான் அதிகம் வரும். தொற்றிய பிறகு பல வருடம் ஒன்றும் தெரியாது. அப்புறம் பல பூனைகளுக்கு வாயில் தொல்லை தொடங்கும்: ஈறு சிவந்து வீங்கும், எச்சில் ஒழுகும், பசியோடு தட்டுக்கு வந்தும் தின்ன முடியாமல் திரும்பிவிடும். ஆனாலும் நல்ல கவனிப்பு இருந்தால் மற்றப் பூனைகளைப் போலவே வயதாகி வாழ்பவை நிறைய.

லுக்கீமியா வைரஸ் அப்படியல்ல. 1964-இல் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட் குழு கண்டறிந்த இது, அன்பாக நக்கிக்கொடுப்பதிலும் தாய்ப்பாலிலும்கூடப் பரவும். குட்டிகளைத்தான் கடுமையாகத் தாக்கும். சில வளர்ந்த பூனைகள் வைரஸை அடக்கிவிடுகின்றன. அடக்க முடியாதவற்றுக்கு ரத்தசோகையோ நிணநீர்ப் புற்றோ வந்து, பெரும்பாலானவை மூன்று வருடத்துக்குள் இறந்துவிடுகின்றன. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்திருக்கும். என் பயமெல்லாம் இதைப் பற்றித்தான்.

எஃப்ஐவி கிட் தேடுவது வைரஸை அல்ல, அதை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதத்தை. தாயிடமிருந்து அந்தப் புரதம் மட்டும் வந்திருந்தாலும் குட்டிக்கு ‘பாசிட்டிவ்’ காட்டும். ஆறு மாத வயதுக்குப் பிறகு மறுபடி பார்க்காமல் முடிவெடுப்பது அநியாயம். லுக்கீமியா கிட் வைரஸின் புரதத்தையே தேடுவதால் அந்தக் குழப்பம் இல்லை. அதையும் ஒருமுறை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

தடுப்பூசி லுக்கீமியாவுக்கு உண்டு. எஃப்ஐவிக்கு அமெரிக்காவில் 2002-இல் வந்த ஊசி பின்னர் அங்கே நிறுத்தப்பட்டது. பூனைகளுக்கு வழக்கமாகப் போடும், வேறு மூன்று நோய்களுக்கான ட்ரைகேட் ஊசி இந்த இரண்டையுமே தடுக்காது. பலர் தடுக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

கருத்தடை செய்த, சண்டை போடாத எஃப்ஐவி பூனையை மற்றவற்றோடு வைத்திருக்கலாம். லுக்கீமியா உறுதியானால் தனி அறை, தனித் தட்டு, தனி மணல் தொட்டி. இரண்டில் எது இருந்தாலும் வெளியே விடக்கூடாது, பச்சை இறைச்சி கொடுக்கக்கூடாது.