கையால் பூட்டும் இணைப்பியா, தானாகப் பொருந்தும் இணைப்பியா? திருகோணமலைத் தரவு மையத்துக்கான ஒப்பீடு

செயற்கை நுண்ணறிவுப் பணிகளுக்கான சேவர்களைக் காற்றால் மட்டும் குளிர்விப்பது நாளுக்கு நாள் கடினமாகிவருகிறது. 2022 இல் அறிமுகமான என்விடியாவின் எச்100 சிப் 700 வாற்று வரை மின்னை எடுத்தது. 2024 இல் அறிவிக்கப்பட்ட பி200 சிப் 1,000 வாற்றை எட்டுகிறது. 72 சிப்புகளைக் கொண்ட ஜிபி200 என்விஎல்72 ராக் (சேவர்களை அடுக்கும் நிலையடுக்கு) ஏறத்தாழ 120 கிலோவாற்று வெப்பத்தை வெளியேற்றுகிறது. ஒரே கனவளவுள்ள காற்றைவிட நீர் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தை ஏந்திச் செல்வதால், சிப்பின்மேல் பொருத்திய செப்புக் குளிர்த்தகட்டினூடாகத் திரவத்தை ஓடவிடும் முறை பரவிவருகிறது. திருகோணமலையில் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக விரிக்கக்கூடிய தரவு மையமொன்றைத் திட்டமிடுபவர், அத்திரவத்தைச் சேவருக்குள் கொண்டுசெல்லும் இணைப்பி எவ்வகையினதாக இருக்க வேண்டும் என்பதை ஆரம்பத்திலேயே தீர்மானித்தாக வேண்டும். சேவர்களுக்குத் திரவத்தைப் பகிர்ந்தளிக்கும் ராக்கின் பின்புறக் கிளைக்குழாய் முழுவதும் அதற்கேற்பவே அமைவதால், பின்னர் மாற்றுவது பெருஞ்செலவில் முடியும்.

ஒருவகை, தொழினுட்பவியலாளர் கையால் அழுத்திப் பூட்டுவது. மற்றையது, சேவரை ராக்குக்குள் தள்ளும்போதே பின்புறத்தில் தானாகப் பொருந்திக்கொள்வது. தரவு மைய வன்பொருளுக்குப் பொது வடிவமைப்புகளை வகுக்கும் ஓப்பன் கம்பியூட் புரொஜெக்ட் அமைப்பு இவற்றுக்கு முறையே யூகியூடி, யூகியூடிபி என்ற பெயர்களில் பொது அளவீடுகளை வகுத்திருக்கிறது. இரண்டிலும் முகம் தட்டையானது. கழற்றும்போதே இருபக்க வால்வுகளும் மூடிக்கொள்வதால், முகத்தில் மெல்லிய ஈரம் மட்டுமே எஞ்சும்.

கையால் பூட்டும் வகையில் குறை கண்ணுக்குத் தெரிகிறது. இதையே அதன் முதன்மையான சிறப்பாக நான் கருதுகிறேன். பூட்டு விழும் ஓசை காதில் கேட்கும். வளையத்தைச் சுற்றி ஒரு வெள்ளைத் தாளை ஒற்றி எடுத்தால் கசிவு உண்டா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும். வளையும் குழாய் இடையில் இருப்பதால், வெவ்வேறு நிறுவனங்களின் சேவர்களை ஒரே ராக்கில் வைப்பதும் எளிது. எனினும் பாதி பூட்டிய நிலையில் விட்டுவிடுவது, உள்வரும் குழாயையும் வெளியேறும் குழாயையும் மாற்றிப் பூட்டுவது போன்ற தவறுகளுக்கு இடமுண்டு. இரு முனைகளுக்கும் வெவ்வேறு நிறப் பட்டைகளைக் கட்டாயமாக்கினால் இரண்டாவது தவறு பெரிதும் குறையும்.

தானாகப் பொருந்தும் வகை இத்தவறுகளுக்கு இடமளிப்பதில்லை. நூற்றுக்கணக்கான சேவர்களைக் குறுகிய நேரத்தில் மாற்ற வேண்டிய பெரிய மையங்களுக்கு அதுவே பொருத்தமானது. என்விஎல்72 ராக்கும் அம்முறையையே பின்பற்றுகிறது. ஆனால் அதன் பொறியியல் கடுமையானது. அரை அங்குல விட்டத்தில் 2 பார் அழுத்தம் தரும் விசை ஏறத்தாழ 25 நியூட்டன். இரண்டு இணைப்பிகளுக்கு 50 நியூட்டனும் அதற்குமேல் வால்வுச் சுருள்களின் எதிர்ப்பும் சேரும். இவ்விசை முழுவதையும் சேவரின் நெம்புகோலும் ராக்கின் சட்டமும் தாங்க வேண்டும். சட்டம் சற்றே வளைந்தாலும் இணைப்பி சாய்ந்து பொருந்தி, அதன் அடைப்பு வளையம் ஒருபக்கமாகத் தேயத் தொடங்கும். அது நடப்பதோ எவரும் எட்டிப் பார்க்க முடியாத பின்புறத்தில்.

திருகோணமலையின் ஈரப்பதம் இந்த வேறுபாட்டை இன்னும் கூர்மையாக்குகிறது. 30 பாகை செல்சியஸ் வெப்பநிலையும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிபடுநிலை, அதாவது அதன் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 26 பாகை. மின்தடையால் மண்டபத்தின் ஈரப்பதக் கட்டுப்பாடு தவறிய வேளையில் 20 பாகைத் திரவம் ஓடிக்கொண்டிருந்தால், ஒவ்வோர் இணைப்பியும் வியர்த்து, கீழுள்ள கசிவு உணரியை ஒலிக்கச் செய்யும். கையால் பூட்டிய இணைப்பியைத் துடைத்துப் பார்த்து, அது வியர்வையா கசிவா என்று சொல்லிவிடலாம்; பின்னால் மறைந்திருப்பதைச் சோதிக்கச் சேவரை நிறுத்தி வெளியே இழுக்க வேண்டும். எனவே எவ்வகையைத் தெரிந்தாலும் திரவத்தை 32 பாகைக்குக் குறையாமல் வைத்திருப்பதே நல்லது. குளிரூட்டல் பொறியியலாளர்களின் ஆஷ்ரே அமைப்பு வகுத்த டபிள்யூ40 வகுப்பு திரவத்தை 40 பாகை வரை அனுமதிப்பதால், வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களிலும் குளிர்நீர் இயந்திரத்தில் பெரிதும் தங்கியிராமல் வெளிக்காற்றைக் கொண்டே வெப்பத்தை அகற்ற வாய்ப்புண்டு.

விரிவாக்கத்தை எண்ணுபவர் வகையைவிட அளவில் அதிகக் கவனம் செலுத்த வேண்டும். 25 சதவீதப் புரோப்பிலீன் கிளைக்கோல் கலந்த நீர் 10 பாகை சூடேற இடமளித்தால், ஒரு கிலோவாற்றுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.5 லீற்றர் ஓட வேண்டும். 700 வாற்றுச் சிப்பின் இடத்தில் 1,000 வாற்றுச் சிப் வரும்போது ஓட்டம் 1.4 மடங்காகும், அழுத்த இழப்போ ஓட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப உயர்வதால் ஏறத்தாழ இருமடங்காகிவிடும். இன்று போதுமான கால் அங்குல இணைப்பி நாளை பம்பின் ஆற்றலை விழுங்கும். ஆகவே கிளைக்குழாயின் பக்கத்தில் அதைவிடப் பெரிய அளவை இப்போதே வாங்குவது வீண்செலவாகாது.

மூலப்பொருளில் நீண்ட விவாதம் தேவையில்லை. பிளாஸ்ரிக் மலிவானது, ஆனால் சூட்டிலும் அழுத்தத்திலும் நாளடைவில் உருத்தளரும். பித்தளையில் உள்ள நாகம் (துத்தநாகம்) கரைந்து போகும் அபாயம் உண்டு. துருவேறாத உருக்கே நம்பகமானது. கடற்காற்றுப் படும் வெளிப்புறக் குழாய்களுக்கு 316 தரம் தேவை என்பதைக் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் படகு திருத்துபவர்களும் சொல்வார்கள். செப்புத் தகடுகள் உள்ள சுற்றில் அலுமினியம் எங்கும் வரக்கூடாது. அடைப்பு வளையங்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை றப்பரால் ஆனவை. பட்டறைகளில் வழக்கமாகப் பூசும் பெற்றோலியக் கிறீஸ் அவற்றை ஊதச் செய்துவிடும் என்பதால், சிலிக்கன் கிறீஸை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

ஒரு வளையம் பழுதடைந்தால் மாற்று கொழும்பிலிருந்தோ அதற்கப்பாலிருந்தோ வர வேண்டிய ஊரில், முதற்கட்டத்துக்கு அரை அங்குல, துருவேறாத உருக்காலான, கையால் பூட்டும் இணைப்பியையே நான் பரிந்துரைப்பேன். ஒரே வடிவமைப்பிலான முழு ராக்குகள் தொழிற்சாலையிலேயே சோதிக்கப்பட்டு வந்திறங்கும் கட்டத்தில், அந்த வரிசைக்கு மட்டும் தானாகப் பொருந்தும் வகைக்கு மாறலாம். அதற்காகப் பிரதான குழாயில் வால்வுடன் மூடிய கிளைவாய்களை இப்போதே விட்டுவைத்தால், ஓடிக்கொண்டிருக்கும் சேவர்களை நிறுத்தாமலே புதிய வரிசையை இணைத்துவிட முடியும்.