நால்ட்ரெக்சோன் 50: குளிசையை எடுத்துக் கொடுக்கும் மனைவியின் மதிப்பீடு

ஹெரோயின், மோர்பின் போன்ற ஓபியொயிட் போதைப் பழக்கத்தை விட்டவர் திரும்பவும் அதற்குள் விழாமல் இருக்கக் கொடுக்கும் குளிசைதான் நால்ட்ரெக்சோன். என் மனுசன் அந்தக் குளிசையைக் குடிக்கிறார். டொக்டர் எழுதுகிறார், கடைக்காரர் விற்கிறார், அவர் விழுங்குகிறார். ஒவ்வொரு நாளும் அட்டையிலிருந்து உடைத்து அவர் கையில் வைக்கிறவள் நான். இந்த இடத்தில் நிற்கிறவர்கள் தமிழில் எழுதியது என் கண்ணில் படவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஊர்ப் பெயர், கடைப் பெயர், கிளினிக் பெயர் எதையும் போடவில்லை. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் மெயின் ரோட்டில் ஓர் ஊர். எங்கள் பக்கத்தில் ஒரு துப்புக் கொடுத்தால் போதும், எந்தக் குடி, எந்த வளவு என்பதுவரை சொல்லிவிடுவார்கள்.

அவர் உழவு மெசின் ஓடுகிறவர். பெரும்போகம் தொடங்கினால் இரவும் பகலும் சீட்டில்தான். முதுகு நோவுக்கு என்று வந்தது டிரமடோல். முதலில் டொக்டர் எழுதிக் கொடுத்தார். பிறகு துண்டு இல்லாமலே கொடுக்க ஒரு கடை இருந்தது. அப்புறம் கடையும் தேவைப்படவில்லை, கூட்டாளிமார் கொண்டுவந்து கொடுத்தார்கள். டிரமடோலும் ஹெரோயின், மோர்பின் போல ஓபியொயிட் வகைதான் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. "தூள் அடிக்கிறவன்தான் அதுக்கு அடிமை, இது நோக்குளிசைதானே" என்பார்கள். அந்த நோக்குளிசை ஒரு நேரம் பிந்தினால் கொட்டாவி மேல் கொட்டாவி, மூக்கால் தண்ணீர், வயிற்றோட்டம், வேர்வை, இரவு முழுக்க ஒரு இடத்தில் கிடக்காத கால்கள். முதுகு நோவை விட அந்த அவதிக்குப் பயந்துதான் அவர் அடுத்ததைப் போட்டார்.

ஆஸ்பத்திரியில் வைத்து அதை நிறுத்தினார்கள். நிறுத்திய கையோடு நால்ட்ரெக்சோன் தொடங்க முடியாது. கடைசியாக ஓபியொயிட் எடுத்து 7 முதல் 10 நாள் போயிருக்க வேண்டும், மெதடோன் போல உடம்பில் நீண்ட நேரம் நிற்பதை எடுத்தவர்களுக்கு இன்னும் கூட. உடம்பில் அது மிச்சமிருக்கும்போது இந்தக் குளிசையைப் போட்டால் அத்தனை அவதியும் ஒரேயடியாக, கடுமையாக வந்துவிடும். டொக்டர் சலம் சோதித்துவிட்டுத்தான் தொடங்கினார். முதல் நாள் பாதி, அதாவது 25 மில்லிகிராம். அது ஒத்துக்கொண்ட பிறகு முழுதாக 50. ஈரலுக்கான இரத்தப் பரிசோதனையும் தொடங்குமுன் ஒன்று, பிறகு இடைக்கிடை என்று எழுதிக் கொடுத்தார்.

இது வேலை செய்யும் விதத்தை எங்கள் அம்மாவுக்கு நான் விளங்கப்படுத்தியது இப்படித்தான்: பஸ்ஸில் லேஞ்சி போட்டு சீட் பிடிப்போமே, அதுபோல மூளையில் ஓபியொயிட் வந்து உட்காரும் இடங்களை இது முதலே பிடித்து வைக்கிறது. பின்னால் டிரமடோல் வந்தாலும் தூள் வந்தாலும் இருக்க இடமில்லை, போதை ஏறாது. 50 மில்லிகிராம் ஒரு நாளுக்குத் தாங்கும். இதில் போதை இல்லை. இதற்கு அடிமையாகவும் மாட்டார்கள், நிறுத்தினால் உடம்பு அவதிப்படாது. அமெரிக்காவில் 1984இல் இதற்கென்று அனுமதி கிடைத்த பழைய மருந்து.

குளிசையின் பலவீனமும் அந்த ஒரு நாள் கணக்கில்தான் இருக்கிறது. போடாமல் விட்டாலும் உடம்பு ஒன்றும் கேட்காது. பிரஷர் குளிசையை விட்டால் சிலருக்குத் தலை சுற்றும். இதை விட்டால் ஒன்றுமே தெரியாது, சும்மா கதவு திறந்து கிடக்கும். அதனால்தான் தனியாகக் குடிக்க விட்டவர்களில் நிறையப் பேர் சில கிழமைகளில் விட்டுவிடுகிறார்கள் என்றும், வீட்டில் ஒருவர் முன்னால் நின்று கொடுத்தால் கூடுதலாக நிலைக்கும் என்றும் டொக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"முன்னால் நின்று கொடுப்பது" என்பதை எப்படிச் செய்வது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. டொக்டருக்கு முன்னாலேயே நாங்கள் இரண்டு பேரும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். காலைச் சாப்பாடு முடிந்ததும் குளிசை. எடுத்துக் கொடுப்பது நான், எனக்கு முன்னால் விழுங்குவது அவர். வாயைத் திறந்து காட்டச் சொல்ல மாட்டேன். விழுங்கிய பிறகு அன்றைக்கு அந்தக் கதை முடிந்தது. காசு எங்கே, யாரோடு நின்றாய், ஏன் பிந்தினாய் என்று குளிசையோடு முடிச்சுப் போட்டு எதுவும் கேட்கக் கூடாது. அவருக்கும் ஒரு கடமை: வேண்டாம் என்று தோன்றும் காலையில் ஒளிக்காமல் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் நான் சண்டை பிடிக்காமல் கிளினிக்குக்குக் கோல் எடுக்க வேண்டும்.

எங்கள் காலை இப்படி இருக்கும். பிட்டும் மீன் குழம்பும், இல்லாவிட்டால் பிட்டும் வாழைப்பழமும். வெறும் வயிற்றில் போட்டால் அவருக்குக் குமட்டும், அதனால் கடைசி வாய் சாப்பிடும் வரை நான் அட்டையைத் தொடுவதில்லை. அவர் கை கழுவிவிட்டு வருவார். "மச்சான், குளிசை." "ஓங்கா, தா." பிளேன்டீக்கு முன்னால் ஒரு வாய் தண்ணீரோடு விழுங்குவார். சின்னவள் இதற்குள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிற்பாள், நான் அவளையும் கூட்டிக்கொண்டு முன்பள்ளிக்குப் போய்விடுவேன். அங்கே நான்தான் டீச்சர், எட்டு மணிக்கு நிற்க வேண்டும். முழுச் சங்கதியும் இரண்டு நிமிடம்.

குளிசை வருமுன் எங்கள் வீட்டில் அந்த இரண்டு நிமிடம் இருபத்துநாலு மணித்தியாலமாக இருந்தது. கழற்றிப் போட்ட சாரத்தின் மடிப்பு, பேர்ஸ், மெசின் சீட்டுக்கு அடியில், வைக்கோலுக்குள் என்று தேடாத இடமில்லை. ஓபியொயிட் எடுத்தால் கண்மணி சுருங்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, மனுசன் வீட்டுக்குள் வந்ததும் வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய்க் கதை கொடுப்பேன். அவருக்கும் அது தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் சந்தேகமில்லாமல் பார்க்க முடியாமல் போவது ஒரு குடும்பத்தை எப்படித் தின்னும் என்பது அதற்குள் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். இந்தக் குளிசைக்கு நான் கொடுக்கும் பெரிய புள்ளி இதற்குத்தான். எட்டு மணிக்கு முன் குளிசை உள்ளே போனால், அன்றைக்கு அவர் எங்கே நின்றாலும் யாரோடு நின்றாலும் போதை ஏறாது என்று எனக்குத் தெரியும். எனக்குக் காவல் வேலை இல்லை. அவருக்கும் ஒரு நாளில் நூறு தடவை "வேண்டாம்" என்று சொல்லத் தேவையில்லை, காலையில் ஒரு தடவை "சரி" என்றால் போதும். ஆசை அடியோடு போய்விட்டது என்று அவர் சொல்லவில்லை, நானும் அப்படி எழுத மாட்டேன். ஆனால் எடுத்தும் பிரயோசனம் இல்லை என்று தெரிந்த பிறகு அதன் குரல் சின்னதாகிவிட்டது என்கிறார்.

பிடிக்காததையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் குமட்டல், தலையிடி, சரியான நித்திரை இல்லை, எதிலும் ஒரு சோர்வு. அந்தச் சோர்வைப் பார்த்துப் பயந்துவிட்டேன். மனம் மிகவும் கீழே போனால், உயிரை மாய்க்கும் பேச்சு வந்தால் டொக்டரிடம் உடனே சொல்ல வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். எங்களுக்கு அதுவரை போகவில்லை. குமட்டல் முதலில் போனது, நித்திரை கடைசியாகத்தான் வந்தது. கண்ணோ தோலோ மஞ்சளானாலும், சலம் கறுத்தாலும் காத்திருக்கக் கூடாது, ஈரல் பிரச்சினையாக இருக்கலாம்.

இன்னொன்று நோவு. இது உள்ளே இருக்கும்போது டிரமடோல், கோடீன், மோர்பின் எதுவும் நோவுக்குச் சரியாக வேலை செய்யாது. வெட்டுக் காலத்தில் அவர் காலில் மண்வெட்டி பட்டது. டிஸ்பென்சரியில் கேட்கும்வரை நிற்காமல் நானே முதலில் சொன்னேன், இவர் நால்ட்ரெக்சோனில் இருக்கிறார் என்று. பரசிட்டமோலோடு சமாளித்தார்கள். பரசிட்டமோல், ஐபுபுரோஃபென் இரண்டும் வழக்கம்போல் கேட்கும். கோடீன் கலந்த இருமல் பாணி, வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் லோபெரமைட் போன்றவை சரியாக வேலை செய்யாமல் போகலாம். அவருடைய பேர்ஸில் அடையாள அட்டைக்குப் பின்னால் ஒரு சின்னத் துண்டு வைத்திருக்கிறேன்: மருந்தின் பெயர், அளவு, கிளினிக் நம்பர். ரோட்டில் விபத்து நடந்து அவர் பேச முடியாமல் கிடந்தாலும் டொக்டர்மார் அதைப் பார்ப்பார்கள். பல் கழற்றவோ சத்திர சிகிச்சைக்கோ போவதானால் முதலே சொல்ல வேண்டும், நிறுத்துவதா வேண்டாமா என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இனிச் சொல்வதை மனைவிமார் எல்லோரும் மனதில் வைத்திருக்க வேண்டும். இந்தக் குளிசையில் இருந்த உடம்புக்குப் பழைய தாங்கும் சக்தி இல்லை. குளிசையை விட்டுவிட்டு, முன்பு எடுத்த அளவை ஒருவர் திரும்ப எடுத்தால் மூச்சு நின்று உயிர் போகலாம். குளிசை இருக்கும்போதே அதை மீறிப் போதை ஏற்றப் பார்த்துக் கூடுதலாக எடுப்பதும் அதே ஆபத்துத்தான். எழுப்ப முடியாத நித்திரை, மெதுவான மூச்சு, நீலம் பாய்ந்த உதடு கண்டால் 1990 அம்புலன்சுக்கு எடுங்கள், ஆளைத் தனியே விடாதீர்கள். மானம் மரியாதை எல்லாம் பிறகு பார்க்கலாம்.

வாங்கும் கதை. எல்லாப் பார்மசியிலும் இது இருக்காது. டவுனில் ஒரு கடையில் துண்டை நீட்டியதும் வேலைக்கு நின்ற பெடியன் உள்ளே பார்த்துச் சத்தமாகக் கேட்டான், "குடு அடிக்கிற ஆக்களுக்குக் குடுக்கிற குளிசை இருக்கா?" கடை நிறையச் சனம். பக்கத்தில் நின்றவர் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். துண்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நோய்க்கு மருந்து வாங்க வந்தவளை அப்படி நிறுத்தக் கூடாது. இப்போது வாங்கும் கடையில் ஒரு வயதான பார்மசிக்காரர். துண்டைப் பார்ப்பார், தலையாட்டுவார், பழுப்புப் பையில் போட்டு மடித்துத் தருவார். "தங்கச்சி, முடிய ஒரு கிழமை இருக்கக்குள்ள சொல்லுங்க, எடுத்து வைப்பன்" என்றார் முதல் நாளே. அந்த ஒரு வசனத்துக்காகவே பஸ் காசு செலவழித்து அங்கே போகிறேன்.

எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார். அதனால் அடுத்த வளவில் அம்மா, அதற்கு அடுத்ததில் தங்கச்சி. ஒன்றையும் ஒளிக்க முடியாது. "ஒன்றை விட்டு இன்னொன்றில் மாட்டிவிட்டாரா, எவ்வளவு காலத்துக்கு இந்தக் குளிசை?" என்று அம்மா கேட்டபடி இருந்தார். இது போதை தருவதில்லை, எவ்வளவு காலம் என்பது டொக்டர் சொல்வது, அவசரப்பட்டு நிறுத்துவதில்தான் ஆபத்து என்று பொறுமையாகச் சொன்னேன். மாமாங்கக் கோயிலுக்கு நேர்த்தி வைத்திருக்கிறார். வைக்கட்டும், அவர் பிள்ளைக்காகத்தானே. ஆனால் நேர்த்தி வைத்தாயிற்று, குளிசை வேண்டாம் என்ற கதையை மட்டும் நான் விடவில்லை. இப்போது நான் பயிற்சி வகுப்புக்குப் போகும் நாளில் அம்மாதான் குளிசையை எடுத்துக் கொடுக்கிறார்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. இன்னும் எடுத்துக்கொண்டிருப்பவருக்கு இதைக் கொடுக்கவே கூடாது. தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் யோசனை சிலருக்கு வருகிறது, அது மகா ஆபத்து. விருப்பமில்லாதவருக்கு வற்புறுத்திக் கொடுத்தும் நிலைக்காது. வேறு மருந்துகளும் இருக்கின்றன. மெதடோனும் புப்ரனோர்ஃபினும் 2005இலிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன. கனடாவில் இருக்கும் என் மச்சாளின் மனுசன் புப்ரனோர்ஃபினில் இருக்கிறார். நாக்குக்கு அடியில் வைத்துக் கரையும்வரை கதைக்காமல் இருப்பாராம், தொடக்கத்தில் பார்மசிக்காரருக்கு முன்னால்தான் போட வேண்டியிருந்ததாம். அது ஆசையையும் உடம்பின் அவதியையும் அடக்கும், அதனால் பலருக்கு நால்ட்ரெக்சோனை விட நன்றாக நிற்கிறது. எது யாருக்கு என்பதை மனநல டொக்டரிடம்தான் கேட்க வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927க்கு எடுத்துக் கேட்கலாம்.

குளிசைக்கு ஐந்தில் நாலு. ஒன்றைக் குறைத்தது, முன்னால் நிற்க ஆளில்லாத வீட்டில் இது பாதி மருந்துதான் என்பதால். தனியாக இருப்பவர்கள் பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவரையாவது பிடித்துக்கொள்ளுங்கள். கடைசியாக ஒரு விசயம்: கார்த்திகை, மார்கழி மழையில் எங்கள் பக்கம் ரோட்டை வெள்ளம் மூடினால் டவுனுக்குப் போக முடியாது. அந்த மாதங்களில் அட்டை முடியும்வரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். டொக்டரிடம் முதலே சொல்லி, இரண்டு கிழமைக்கு மேலதிகமாக எழுதி வாங்கி, மழைத் தண்ணீர் படாத இடத்தில் வையுங்கள்.